‘என் சரித்திர’த்தில் வீடும் கல்வியும்

உதகையிலிருந்து எமரால்டு நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் இத்தலார் என்னும் படகர் ஊர் உள்ளது. படகர் தம் குடியிருப்பை ஹட்டி என்பர். ஹட்டியில் வீடுகள் வரிசையாக, ஒன்றன் சுவர் மற்றொன்றுக்குத் துணையாக நிற்கும். அங்குப் பிறந்தவனுக்கு வீடு என்பது முன்னோர் பெயரோடு உடன் வருவது. அம்மலைப் பகுதியிலேயே வேறொரு வகை வரிசை வீடுகளும் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்வார்க்கு நிருவாகம் கட்டிக் கொடுத்த நீண்ட கட்டடங்கள் அவை. ‘லைன்’ வீடுகள் என்பது மலைவழக்கு. இலங்கை மலையகத்தார் லயம் என்பர். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்று வாழ்வார்க்கு உரியது; மற்றொன்று வேலைக்கு உரியது. இவ்வேறுபாட்டினை மனத்திற்கொண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தன்வரலாற்றை மீண்டும் ஒருமுறை கற்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோக்கம் நமக்கு முதலில் தோன்றியதன்று. இத்தலார்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் லைன் வீட்டிலிருந்து முதுகலை பயில வந்த மாணவர் ஒருவர் தோற்றுவித்தது. ‘என் சரித்திரம்’ பாடமாக நிகழ்ந்துகொண்டிருந்தது. ஐயரவர்கள் ஊர் ஊராக அலைந்து தமிழ் கற்றமையையும், வறுமை அவருடைய வேட்கையைத் தணிக்காமையையும் வழக்கமான முறையில் எடுத்துரைத்து முடித்தோம். அம்மாணவர் எழுந்து, “ஐயா, அவர் இரவில் யார் வீட்டில் படுத்தார்?” என்று வினவினார். வகுப்பில் சிலர் நகைத்தனர். நாமும் அவ்வினாவை ஒரு சிறு விவரம் பற்றியதாகவே கருதி, நூலிலேயே விடை உள்ளது என்று கூறி அமர்த்தினோம். வீடு சென்று நூலைப் புரட்டியபோதுதான், பல்லாண்டுகளாக இந்நூலைக் கற்பித்தும் அவ்வினாவோடு ஒருமுறையேனும் அதனைக் கற்கவில்லை என்பது புலனாயிற்று.

பொதுவாக இந்நூலைப் பற்றி எழுதுவோர் கூறுவது ஒன்றே: நிலையான வீடும் வருவாயும் அற்ற குடும்பத்தில் தோன்றிய ஒருவர் கல்வி ஒன்றனையே பற்றுக்கோடாகக் கொண்டு அந்நிலையை வென்றார் என்பது. இஃது உண்மையே. ஆயினும் இஃது எலும்புக்கூடான உண்மை. கல்வி வறுமையை வெல்வதற்குச் சில ஆண்டுகள் வேண்டும்; அவ்வாண்டுகளில் கற்பவன் எங்கேனும் உண்ண வேண்டும், எங்கேனும் உறங்க வேண்டும். அவ்விடங்களை அளித்தவர் யாவர், எம்முறையால் அளித்தனர் என்று கேளாத திறனாய்வு, வரலாற்றின் முதலையும் முடிவையும் இணைத்து நடுவை விட்டுவிடுகின்றது.

நடுவை மறவாதவர் ஐயரே. நூலின் தொடக்கம் இதற்குச் சான்று. தம் பிறப்பைக் கூறுவதற்கு முன்னர் அவர் தம் ஊராகிய உத்தமதானபுரம் தோன்றிய வரலாற்றைக் கூறுகின்றார். தஞ்சையை ஆண்ட அரசர் ஒருவர் ஏகாதசி நாளில் மறந்து தாம்பூலம் தரித்துவிட்டாராம். அக்குற்றத்திற்குக் கழுவாயாக நாற்பத்தெட்டு வீடுகளும், இரண்டு வீட்டிற்கு ஒன்றாக இருபத்துநான்கு கிணறுகளும் அமைத்து, வேதம் வல்ல அந்தணர்க்கு நிலத்தோடு தானம் செய்தார் என்பது கதை. இதனைச் சுவைக்காகச் சேர்த்த செவிவழிச் செய்தி என்று கடந்து செல்வது நம் வழக்கம். ஆனால் கற்றவர்க்கு வீட்டைத் தானமாகக் கொடுக்கும் ஓர் உலகத்தையே ஆசிரியர் முதலிற் காட்டுகின்றார் என்பதை நோக்க வேண்டும். பின்னர் வருவன எல்லாம் அவ்வுலகம் சிதைந்த பின் எஞ்சியவற்றின் வரலாறு. தானமாக வந்த வீடும் நிலமும் குடும்பத்தைத் தாங்கும் வலியிழந்தன. ஆனால் கற்பவனுக்கு இடங்கொடுக்கும் வழக்கம் ஊர்களில் முற்றும் அழிந்துபோகவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வளர்ந்தவர் ஐயர்.

அவர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள், தாயைப் பெற்றோர் வாழ்ந்த சூரியமூலையில் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இராமாயணப் பிரசங்கம் செய்து பொருளீட்டியவர். பிரசங்கம் எவ்வூரில் நிகழுமோ அவ்வூரே குடும்பத்திற்கு வீடு. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று இடம்பெயர்ந்த வரலாறு நூலின் முற்பகுதியில் விரிவாக இடம்பெறுகின்றது. இப்பெயர்களை வறுமையின் பட்டியலாகவே நாம் இதுகாறும் கற்பித்து வந்துள்ளோம். ஊன்றி நோக்கின் அது மற்றொரு பட்டியலும் ஆகும். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என ஒவ்வோர் ஊரிலும் தமிழ் சொல்ல ஒருவர் இருந்தார். தந்தையார் பிழைப்புத் தேடிப் போன ஊரிலெல்லாம் மகனுக்கு ஆசிரியர் வாய்த்தாரா, ஆசிரியரை நாடியே அவர் ஊரைத் தேர்ந்தாரா என்பது சில இடங்களில் பிரித்தறிய இயலாதவாறு கலந்து கிடக்கின்றது. வரவர இரண்டாவது நோக்கமே மிகுகின்றது என்பது நம் கருத்து. மகன் படிப்பிற்காகத் தந்தையார் தம் இருப்பிடத்தையே மாற்றிக்கொண்டார்.

வேங்கடசுப்பையருக்கு இந்நூலைப் பற்றிய திறனாய்வுகள் தக்க இடம் தரவில்லை என்பதை இடையே கூற விழைகின்றோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பேரொளியில் அவர் மங்கித் தோன்றுகின்றார். தம் கலையாகிய இசையை மகன் தொடர வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு இருந்தது. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலவும் வழி பிறந்தது. அது தம் ஆசிரியருக்கு உவப்பன்று என்று தெரிந்தவுடன் மகன் அதனை விட்டார். தந்தையின் தொழில் குடும்பத்திற்கு நிலையான கூரையைத் தரவில்லை. மகன் அத்தொழிலை விட்டே கூரையைப் பெற்றார். இதனைத் தந்தையார் எவ்வாறு ஏற்றார் என்பதை நூல் ஆரவாரமின்றிச் சொல்லிச் செல்கின்றது. நாம் அங்கே நிற்காமல் ஓடிவிடுகின்றோம்.

1871-ஆம் ஆண்டில் தந்தையும் மகனும் மாயூரம் சென்று பிள்ளையவர்களைக் கண்டனர். அச்சந்திப்பில் மாணவனின் அறிவை அளக்கும் பேச்சு நிகழ்வது இயல்பே. அதனோடு உணவுக்கு என்ன ஏற்பாடு என்ற வினாவும் எழுகின்றது. தமிழ்நாட்டின் தலைசிறந்த ஆசிரியர், தமிழ் சொல்வது தமக்கு அரிதன்று, உணவே அரிது என்ற நிலையில் நின்று பேசுகின்றார். காரணம் இரண்டு. ஒன்று, அவரே கடன்பட்டு வாழ்ந்தவர். மற்றொன்று, அக்காலச் சாதிவழக்கு. பிள்ளையவர்கள் வேளாளர், மாணவர் அந்தணர். ஆசிரியர் தம் நெஞ்சிலுள்ள தமிழ் முழுவதையும் மாணவனுக்கு ஊட்டலாம். தம் அடுக்களையிலிருந்து ஒரு கவளம் சோறு ஊட்ட இயலாது. ஆகவே கல்வி ஓரிடத்தும் உணவு வேறோரிடத்தும் ஆயின. பிள்ளையவர்கள் பட்டீச்சுரம், திருவாவடுதுறை என்று செல்லுமிடமெல்லாம் மாணவருக்கு உண்ணும் இடத்தைத் தனியே தேட வேண்டியிருந்தது. அங்கெல்லாம் அக்கிரகாரம் ஒன்று இருந்தமையால் அஃது இயன்றது.

மாணவரின் வினாவுக்கு உரிய விடையின் ஒரு பகுதி ஈண்டுக் கிடைக்கின்றது. ஐயர் வீடற்றவராக இருந்தார். ஆனால் புகலற்றவராக இல்லை. வேங்கடராமன் என்று அழைக்கப்பட்டவரைச் சாமிநாதன் ஆக்கியவர் பிள்ளையவர்கள். தம் இல்லத்தில் உண்ண வைக்க முடியாத ஆசிரியர் பெயரைக் கொடுத்தார். திண்ணையும் சோறும் பிறர் கொடுத்தனர். திருவாவடுதுறை ஆதீனம் அவ்விரண்டையும் ஒருங்கே கொடுத்தது. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்த பின்னரும் சுப்பிரமணிய தேசிகர் அவரை மடத்திலேயே வைத்துப் பேணினார். சைவ மடம், வேளாளச் செல்வர், ரெட்டியார், வைணவ அந்தணர் எனப் பலர் வாயில்களும் அவருக்குத் திறந்திருந்தன. அவ்வாயில்கள் திறந்ததற்கு அவருடைய தமிழ் வேட்கை காரணம். அவர் பிறந்த குலமும் காரணம். இரண்டாவதைச் சொல்லுவதால் முதலாவது குறைந்துவிடாது. சொல்லாது விடுவதால், அதே வேட்கையோடு அதே காலத்தில் வாழ்ந்து, எந்தத் திண்ணையிலும் ஏறப்பெறாத சிறுவர் இருந்தனர் என்பது மறைந்துவிடும்.

கல்வியால் வீட்டு வறுமையைப் போக்குதல் தமிழில் மிகப் பழைய செய்தி. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார் பசித்த மக்களை விட்டுப் பிரிந்து சென்று, பரிசிலோடு மீண்டு, பெற்ற பொருளை எல்லார்க்கும் கொடுக்குமாறு மனைவியிடம் கூறுகின்றார். அப்புலவருக்குச் சோறு இல்லை. ஆனால் மீள்வதற்கு ஒரு மனை இருந்தது. ஐயர் வரலாற்றில் மீளும் மனையே ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்தது. 1880-ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார் தாம் வகித்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவியை ஐயருக்கு வாங்கித் தந்தபோதுதான், திங்கள்தோறும் ஐம்பது ரூபாய் என்னும் உறுதியான வருவாய் அக்குடும்பத்திற்கு முதன்முதலாகக் கிட்டியது. பரிசில் போய்ச் சம்பளம் வந்தது. தமிழ்ப் புலமை பெற்ற இம்மாற்றத்தை இந்நூல்போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்று இல்லை. 1887-இல் சிந்தாமணி வெளிவந்தமையை நாம் பெரிதாகப் போற்றுகின்றோம், தக்கதே. ஆயினும் ஒரே கூரையின்கீழ் ஏடுகளைப் பரப்பி வைத்து, நாளை இடம்பெயர வேண்டுமே என்ற அச்சமின்றி ஒப்புநோக்குவதற்கு வாய்த்த ஏழாண்டுகள் அதற்கு முன்னர் உள்ளன.

‘என் சரித்திரம்’ 1940-ஆம் ஆண்டு சனவரி முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. 1942 ஏப்ரல் 28-இல் ஐயர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றது, 1950-இல் நூலாயிற்று. அஃது ஏறத்தாழ மணிமேகலைப் பதிப்பின் காலத்தோடு, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு, நின்றுவிடுகின்றது. ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தது 1903-இல். திருவேட்டீசுவரன்பேட்டையில் முதலில் வாடகைக்கு இருந்து பின்னர் விலைக்கு வாங்கிய வீட்டிற்குத் தமக்குப் பதவி வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் நினைவாகத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டார். ஆகவே தம் உழைப்பால் உரிமையாக்கிய அவ்வீடு தன்வரலாற்றினுள் வரவே இல்லை. வீடின்மையில் தொடங்கிய வரலாறு வீட்டை அடையாமலே முடிகின்றது. இது தற்செயல்தான். ஆயினும் இன்று நம் கையிலுள்ள நூல் அவ்வாறே உள்ளது. அவ்வாறு உள்ள நூலையே நாம் திறனாய வேண்டும். வென்ற வரலாறாக அதனைக் கற்பிப்போர் நூலில் இல்லாத முடிவை வெளியிலிருந்து கொணர்ந்து ஒட்டுகின்றனர். இறுதி நாட்களிலும் அவர் அவ்வீட்டில் இல்லை. போர்க்கால அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று அங்கேயே உயிர் நீத்தார். ‘தியாகராச விலாசம்’ 2012-இல் இடிக்கப்பட்டது.

இனி மலைக்கு வருவோம். நீலகிரியைக் களமாகக் கொண்ட நாவல்களுள் இராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ (1963) தலையாயது. படகர் குடும்பங்களின் தலைமுறை வரலாறு அது. அந்நாவலில் கிருஷ்ணன் கல்வியின் வழிச் செல்கின்றான். ஜோகி மண்ணோடும் மரபோடும் நிற்கின்றான். ரங்கன் பணத்தைத் தேடி ஓடுகின்றான். கல்வி ஹட்டியைக் கலக்குகின்றது. ஆனால் எவர் எங்குச் சென்றாலும் ஹட்டி அங்கேயே இருக்கின்றது. சென்றவன் திரும்பினால் அவனுக்கு ஒரு கதவு உண்டு. இஃது ஐயருக்கு வாய்த்த நிலையினும் உறுதியானது. நாவலாசிரியர் படகர் வாழ்வை உடனிருந்து கண்டு எழுதியவர். அவ்வாழ்வின் நுட்பங்களில் அவர்க்கு நிகர் இல்லை. அம்மலையின் மற்றொரு வரிசை வீடுகள் அவருடைய களத்திற்கு அப்பாற்பட்டன. அதனைக் குறையாகக் கூறுதல் பொருந்தாது.

அவ்வீடுகளைக் காண இலங்கை மலையக இலக்கியத்தையே நாட வேண்டும். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947-இல் நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவல் ஒன்றுக்கு ‘வீடற்றவன்’ என்றே பெயரிட்டார். தோட்டத்தில் சங்கம் அமைக்க முற்பட்டவன் வேலை இழக்கின்றான்; வேலை போகவே வீடும் போகின்றது. இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சி என்பதே அத்தலைப்பின் பொருள். சமவெளியில் வேலை இழந்தவன் பட்டினியோடு தன் குடிசைக்குள் கிடக்கலாம். லயத்தில் அதுவும் இயலாது. ‘பத்துச்சீட்டு’ என்ற ஒரு தாள் அவனையும் மனைவி மக்களையும் மலைப்பாதையில் நிறுத்திவிடும். கடன் கணக்கைக் காட்டித் தொழிலாளியைப் பிணித்த ‘துண்டு’ முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. வீட்டைக் காட்டிப் பிணிக்கும் முறை அதன் பின்னரும் நின்றது.

இந்தியாவிலும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் குடும்பத்திற்கும் வீடு தரும் கடமையை முதலாளி மீது வைத்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர் இருபத்தைவர்க்கு மேற்பட்டால் அவர்தம் கல்விக்கு வகைசெய்யுமாறு விதி வகுக்கவும் இடந்தந்தது. நல்ல நோக்குடைய சட்டம். ஆனால் வீட்டை வேலையோடு கட்டிய முடிச்சை அது தளர்த்தவில்லை. சட்டத்தின் முத்திரையையும் இட்டுவிட்டது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறீமாவோ–சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு வேலை தரும்பொருட்டு நீலகிரியில் 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. ஓரிடத்து லயத்தை விட்டு வந்தோர் மற்றோரிடத்து லைன் வீட்டில் குடிபுகுந்தனர்.

இந்நிலையில் கல்வி என்ன செய்யும்? ஐயரின் வாழ்வில் கல்வியும் வீடும் ஒரே திசையில் இயங்கின. கற்கக் கற்கப் புதிய வாயில்கள் திறந்தன. லைன் வீட்டில் அவை எதிரெதிர்த் திசையில் இயங்குகின்றன. மகனோ மகளோ படித்துவிட்டால் கொழுந்து பறிக்க வருவதில்லை. தோட்டத்துப் பதிவேட்டில் பெயர் இல்லாத குடும்பத்திற்கு வீடு இல்லை. ஆகவே ஒருவர் படித்து வெளியேற வேண்டுமாயின் மற்றொருவர், பெரும்பாலும் தாய், படிப்பு முடியும்வரை தேயிலைச் செடியின் முன் நின்றேயாக வேண்டும். நம் மாணவரிடம் பின்னொரு நாள் இதனைக் கேட்டறிந்தோம். அவர்தம் தாயார்க்குப் பணி ஓய்வு பெற இன்னும் ஈராண்டே உள்ளதாம். ஓய்வுபெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும் என்பது அவர்கள் பக்கத்து வழக்காம். “எனக்கு வேலை கிடைப்பது முந்துமா, அம்மா ஓய்வு பெறுவது முந்துமா என்று பார்க்க வேண்டும், ஐயா” என்றார். ஐயர் யார் வீட்டில் படுத்தார் என்ற வினா எங்கிருந்து பிறந்தது என்பது அப்போது விளங்கிற்று.

ஐயரின் பெருமையை இவ்வாராய்ச்சி குறைக்கின்றது என்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. தமக்கு இடங்கொடுத்தவர், தமிழ் சொன்னவர் ஆகியோரை ஊர்பேரோடு ஒருவர் விடாமல் எழுதிவைக்கும் தன்வரலாறு அரிது. தன் முயற்சியாலேயே உயர்ந்தேன் என்று அவர் எங்கும் உரைக்கவில்லை; அவ்வாறு உரைத்தவர்கள் அவரைப் பற்றி எழுதிய நாமே. நூலின் பெரும்பகுதி நன்றிக் கணக்காகவே செல்கின்றது. அக்கணக்கை ஒதுக்கிவிட்டு, ‘முயன்றால் வறுமை வெல்லப்படும்’ என்ற ஒரு வரியைப் பிழிந்தெடுத்து மலைப்பள்ளிச் சிறுவர்க்குக் கொடுப்போமாயின், வெல்ல இயலாதவன் முயலாதவன் என்ற தீர்ப்பையும் உடன் கொடுத்தவர் ஆவோம். இது பாடநூல் எழுதுவோரும் வினாத்தாள் அமைப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டியது. வினாத்தாள் அமைத்தவருள் நாமும் ஒருவர்.

மறுதலையான கருத்தையும் எடுத்துக்காட்டுதல் முறை. லைன் வீடுகளில் பிறந்து ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்தோர் உளர். வேலுப்பிள்ளையே தோட்டத்தில் பிறந்து கல்வி பெற்று ஆசிரியரானவர்தாம். கல்வி அங்கும் வழி திறந்தது உண்மை. ஆனால் அவர் எழுதிய நாவலின் தலைமகன் படித்து உயர்ந்தவன் அல்லன், வீடிழந்தவன். தாம் ஏறிய ஏணியைப் பாடாமல், ஏறாதவனை எழுதத் தேர்ந்தார் அவர். இத்தேர்வு ‘என் சரித்திர’த்தோடு முரண்படுவதன்று, அந்நூல் தொடாத இடத்தைத் தொடுகின்றது. முதுகலை வகுப்பில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்குமாறு பாடத்திட்டக் குழுவினர்க்கு விண்ணப்பிக்கின்றோம்.

அம்மாணவர் இப்போது ‘என் சரித்திர’த்தில் வரும் தங்குமிடங்களை ஊர், வீட்டுக்குரியார், தங்கிய காலம், உணவு அளித்தவர் என்ற நான்கு தலைப்புகளின்கீழ் அட்டவணைப்படுத்தி வருகின்றார். கும்பகோணம் வரையுள்ள பகுதி முடிந்துள்ளது. உணவு அளித்தவர் என்ற பத்தியில் ஆடவர் பெயர்களே நிரம்பியுள்ளன. சமைத்த பெண்டிரின் பெயர்கள் அரியவாகவே கிடைக்கின்றன என்று குறித்திருக்கின்றார். ஐயரே எழுதிய ‘மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திர’த்தில் இதே நிகழ்ச்சிகள் கூறப்படும் இடங்களை ஒப்பிட்டு அப்பத்தியை நிரப்ப இயலுமா என்பது அடுத்து ஆராயற்பாலது.